நெஞ்சுவலிக்காரருக்கு உள்ள அவகாசம்

சென்னைப் புறநகரில், பரங்கிமலை–பூந்தமல்லி சாலையிலுள்ள காட்டுப்பாக்கத்தைச் சுற்றி மருத்துவக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. கிழக்கே போரூரில் 1985-இல் தொடங்கிய ஸ்ரீ ராமச்சந்திரா, மேற்கே தண்டலத்தில் சவீதா, வடக்கே வேலப்பன்சாவடியில் ஏ.சி.எஸ். போதாக்குறைக்கு, இதய மருத்துவத்தால் பெயர்பெற்ற மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் முகப்பேரில் இருக்கிறது. ஆயினும், படியேறினால் நெஞ்சு இறுகி, உட்கார்ந்தால் விட்டுவிடும் நோயோடு இப்பகுதியில் வாழ்பவருக்கு, அந்நோய் குறித்த மருத்துவ ஆய்வு எங்கேனும் ஆள் சேர்க்கிறதா என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. மருத்துவர் அழைத்தால் தெரியும், அழைக்காவிட்டால் இல்லை. இந்த ஏற்பாடு முறையன்று என்பதே நம் கருத்து.

ஸ்டேபிள் ஆஞ்சைனா என மருத்துவர் குறிக்கும் இந்நோயில், இதயத் தசைக்குக் குருதி தரும் குழாய் சுருங்கியிருக்கும். உடல் உழைக்கும்போது தேவை கூடும், வரத்து போதாது, வலி எழும். ஓய்ந்தால் தணியும். அதை வாயு என்று சொல்லிச் சோடா குடித்துக் கடப்போர் நம்மிடையே பலர். ஓய்விலேயே வலிப்பதும், முன்னினும் கடுமையாகவோ அடிக்கடியோ வலிப்பதும் வேறு வகை. அப்போது 108-ஐ அழைக்க வேண்டுமேயன்றி ஆய்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருத்தல் தகாது. நிலையான நெஞ்சுவலிக்காரருக்கோ அவகாசம் உண்டு. படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்கலாம், பிள்ளைகளைக் கலந்துகொள்ளலாம், வேறொரு மருத்துவரையும் கேட்கலாம். மாரடைப்போடு தூக்கிவரப்பட்டவரிடம் பெறும் ஒப்புதலுக்கும் இவர் தரும் ஒப்புதலுக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

இந்நோயாளி கேட்கும் முதற்கேள்வி, சுருங்கிய குழாயை விரித்துவைக்கும் ஸ்டென்ட் வைக்க வேண்டுமா, மாத்திரை போதுமா என்பது. இதற்கு இன்று கிடைக்கும் விடை முழுவதும் ஆய்வில் சேர முன்வந்த நோயாளிகள் தந்தது. 2007-இல் வெளியான கரேஜ் ஆய்வு, மருந்தோடு ஸ்டென்டும் வைத்தால் மரணமும் மாரடைப்பும் குறைவதில்லை என்றது. பின்னர் இந்தியா உட்பட 37 நாடுகளில் 5,179 பேர் பங்கேற்ற இஸ்கீமியா ஆய்வு 2020-இல் வெளிவந்து, சராசரி மூன்றாண்டுக் கண்காணிப்பில் ஏறத்தாழ அதையே உறுதிசெய்தது. அடிக்கடி வலி வருவோருக்கு ஸ்டென்டோ பைபாஸோ வலியைக் கூடுதலாகக் குறைத்ததையும் காட்டியது. பிரிட்டனில் ராஷா அல்-லமி தலைமையில் நடந்த ஆர்பிட்டா ஆய்வு இவற்றினும் துணிவானது. அதில் சேர்ந்த 200 பேரில் ஏறத்தாழப் பாதியினருக்கு ஸ்டென்ட் வைக்கப்பட்டது. மற்றவர்களுக்கு வைப்பதுபோல் பாவனை மட்டுமே. தாம் எந்தப் பக்கம் என்பது நோயாளி எவருக்கும் தெரியாது. நெஞ்சுவலி மருந்துகளை முறையாக உட்கொண்டிருந்த அவர்களிடையே, உடற்பயிற்சித் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லையென்று 2017-இல் தெரியவந்தது. அம்மருந்துகளை நிறுத்திவிட்டு 301 பேரிடம் நடத்திய இரண்டாம் ஆய்வு, ஸ்டென்ட் வலியைக் குறைப்பதை 2023-இல் மெய்ப்பித்தது.

ஆய்வு என்றால் நம் மக்கள் ஐயுறுவதில் நியாயம் இல்லாமலில்லை. முறையான ஒப்புதலின்றி நோயாளிகள் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டதாக எழுந்த புகார்கள் 2012-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றன; அதன் அழுத்தத்தில்தான் 2013-இல் விதிகள் இறுகின. இன்று நடப்பிலுள்ளவை 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள். அவற்றின்படி, ஆய்வுக்கு இசைவு தரும் நெறிமுறைக் குழுவில் பாதிப்பேரேனும் ஆய்வு நடத்தும் நிறுவனத்தைச் சாராதவராக இருத்தல் வேண்டும். ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. ஒப்புதல் படிவத்தின் நகல் நோயாளிக்குரியது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகியதற்காக வழக்கமான மருத்துவத்தை மறுக்க முடியாது. இருந்தும், ஆய்வு என்பது சிகிச்சைக்கு இன்னொரு பெயரன்று. வெற்று மாத்திரை கிடைக்கும் பிரிவில் பெயர் விழலாம். சிறுநீரகக் கோளாறோ வயதோ காரணமாகத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்படலாம். பணத்துக்காகச் சேர நினைப்பவர் சேராதிருப்பதே நன்று.

தேடுவதற்கு இடம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007 ஜூலையில் தொடங்கிய இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு இணையத்தில் எவர்க்கும் திறந்தே உள்ளது. ஆள் சேர்க்கும் முன்பே ஆய்வைப் பதிய வேண்டும் என்பது 2018 ஏப்ரல் முதல் கட்டாயம். ஆய்வுக்குப் பணம் தருபவர் யார், எந்த மருத்துவமனைகளில் நடக்கிறது, யாரைச் சேர்ப்பர், யாரை விலக்குவர், நெறிமுறைக் குழு இசைந்ததா, இப்போது ஆள் எடுக்கிறார்களா என்பன எல்லாம் அதில் உண்டு. பொதுமக்கள் ஐயம் கேட்பதற்கென ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும்கூட உண்டு. ‘ஆய்வில் சேருங்கள்’ என்று எவரேனும் சொன்னால் முதலில் பதிவு எண்ணைக் கேட்டு இங்கே சரிபார்க்கலாம். எண் சொல்லத் தயங்குமிடத்தில் கையொப்பமிடத் தேவையில்லை.

குறை என்னவெனில், இத்தனையும் ஆங்கிலத்தில், அதுவும் மருத்துவர்க்கு மருத்துவர் எழுதும் ஆங்கிலத்தில் கிடக்கிறது. ஒப்புதல் படிவம் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தும் நாட்டில், அப்படிவத்துக்கு அவரைக் கொண்டுசேர்க்கும் வாயில் மட்டும் வேற்றுமொழியில் இருப்பதற்கு என்ன காரணம் சொல்வார்கள்? தமிழ்நாட்டு மையங்களில் ஆள் சேர்க்கும் ஆய்வுகளின் சுருக்கத்தையேனும் மாநில நல்வாழ்வுத் துறை தமிழில் வெளியிடுவது இயலாத செயலன்று. பூந்தமல்லி அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் அதை ஒட்டிவைக்கலாம். 2021 முதல் வீடுதேடி மாத்திரை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஊழியர்களும் இப்படியொரு பட்டியல் உண்டு என்று சொல்லலாம். ஆள் சேர்க்கும் வேலையை மட்டும் அவர்கள் தலையில் கட்டலாகாது. மாத்திரை தரும் கை கேட்கும்போது மறுத்துச் சொல்ல நோயாளிக்கு வாய் வராது.

மருத்துவக் கல்லூரிகளும் ஒன்று செய்தாக வேண்டும். ஆய்வு முடிந்ததும் முடிவு ஆங்கில இதழில் வருகிறது. பங்கேற்றவரிடம் வந்து சொல்வோர் அரியர். தாம் எந்தப் பிரிவில் இருந்தோம், எந்த மருந்தை உண்டோம், இறுதியில் என்ன தெரிந்தது என்பதைத் தமிழில் ஒரு பக்கக் கடிதமாகப் பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு. நெறிமுறைக் குழுக்கள் இசைவு தரும் நாளிலேயே இதை நிபந்தனையாக எழுதிவிடலாம்.