ஒரே ஒரு டெஸ்ட் ஆடியவர்

நமன் ஓஜாவின் பெயரைச் சொன்னால், "ஒரே ஒரு டெஸ்ட் ஆடியவர்தானே?" என்று நம் விடுதி நண்பர்கள் பேச்சை முடித்துவிடுகிறார்கள். அந்தத் "தானே" என்னும் சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

உஜ்ஜைனியில் 1983-இல் பிறந்த ஓஜா, 2000-01 பருவத்தில் மத்தியப் பிரதேசத்துக்காக முதல்தர ஆட்டங்களில் இறங்கினார். 2020 வரை ஆடி, 2021 பிப்ரவரியில் ஓய்வு பெற்றார். ரஞ்சிக் கோப்பையில் மட்டும் விக்கெட்டுக்குப் பின்னால் நின்று 351 பேரை வெளியேற்றினார். அவர் விடைபெற்ற நாளில், அதுவரை எந்த ரஞ்சி விக்கெட் கீப்பரும் எட்டாத எண்ணிக்கை அது. முதல்தர ஆட்டங்களில் மட்டையால் சேர்த்தது 9,753 ஓட்டங்கள், 22 சதங்கள்.

ஒரு நாளுக்கு 90 ஓவர்கள் என்றால் 540 பந்துகள். அணி நாள் முழுதும் பந்து வீசினால், கீப்பர் 540 முறை குந்தி எழ வேண்டும். பார்வையாளர் இல்லாத காலி மைதானங்களில், இருபது பருவங்கள்! இதைத் 'தானே' என்று தள்ளிவிட முடியுமா?

"திறமை இருந்தால் இடம் கிடைத்திருக்கும்" என்பார் சிலர். பந்து வீச்சாளருக்கு அணியில் நான்கைந்து இடங்கள் உண்டு. கீப்பருக்கோ ஒன்றே ஒன்று. அந்த ஓரிடத்தில் 2005 இறுதி முதல் 2014 இறுதி வரை தோனி நின்றார். 2014-இல் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலிய 'ஏ' அணிக்கு எதிராக இரண்டே ஆட்டங்களில் ஆட்டமிழக்காமல் 219, மீண்டும் ஆட்டமிழக்காமல் 101, பிறகு 110 என அடித்தவர் ஓஜா. ஆனாலும் 2015 ஆகஸ்டில் சாஹா காயமுற்ற பிறகே கொழும்பில் அந்த ஒரு டெஸ்ட் வாய்த்தது. 21, 35 எடுத்தார், இந்தியா வென்றது. சாஹா குணமடைந்ததும் இடம் அவருக்கே திரும்பிற்று. அதில் பிழையும் இல்லை. பிழை, எஞ்சிய இருபது ஆண்டுகளை நாம் கணக்கில் சேர்க்காததுதான்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். "வேலை கிடைக்குமா?" என்ற ஒரு கேள்வியாலேயே என் படிப்பை அளக்கும் உறவினர்கள் ஏராளம். ஓஜாவுக்காக நான் இவ்வளவு வாதாடுவது அதனாலும் இருக்கலாம்.

2022 ஜூனில் பெங்களூரில் மும்பையை வென்று மத்தியப் பிரதேசம் முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையைக் கைப்பற்றியது. பயிற்சியாளர் சந்திரகாந்த் பண்டிட்டும் முன்னாள் விக்கெட் கீப்பரே. ஓஜா ஓய்வு பெற்று அப்போது ஓராண்டு கடந்திருந்தது.

நம் உடற்கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோள்: அறிவிப்புப் பலகையில் சர்வதேச ஆட்ட முடிவுகளுக்குப் பக்கத்தில், ரஞ்சி ஆட்ட விவரங்களுக்கும் ஒரு சாண் இடம் ஒதுக்குங்கள். எழுதி ஒட்டும் பொறுப்பை நானே ஏற்கிறேன்.