நோயர்க்குத் தமிழில் சொல்க!

மார்பகப் புற்றுநோயில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர்க்கு 'எர்-2' என்னும் புரதம் புற்றணுவின் புறத்தே அளவிறந்து முளைத்து, 'பெருகுக' என ஓயாது ஏவுகின்றது. அப்புரதத்தைப் பற்றி ஏவலைத் தடுத்து, உடலின் காப்பணுக்களையும் அழைத்துப் புற்றை அழிப்பிக்கும் எதிர்ப்பொருளே, 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற 'திராசுத்துசுமாபு'. ஒரேவகை எதிர்ப்பொருளை வேண்டுமளவு ஆக்கும் வழியை 1975-இல் கேம்பிரிட்சில் கோலரும் மில்சுடைனும் கண்டதே இதற்கு வித்து.

இத்துணையும் தமிழில் விளங்கிற்றன்றோ? 'தமிழில் அறிவியல் இயலாது' என்பார் கூற்று எங்கே நிற்கும்?

இம்மருந்து நெஞ்சாங்குலையைத் தளர்த்தவுங் கூடும். அதனை இடையிடையே ஆய்தல் வேண்டும். இதனை நோயர் அறியா மொழியிற் சொல்லிக் கையொப்பம் பெறுதல் அறமாகுமா? மருந்தின் பெயர் அயலதாயினும் விளக்கம் தமிழாதல் வேண்டும். தமிழ் மருத்துவர்களே! உயிர் நோயருடையது, அறியும் உரிமையும் அவருடையதே!