பழைய பக்கத்துக்கு ஒரு பலகை வைங்க

போன செமஸ்டர்ல ஒரு ராத்திரி ஹாஸ்டல் ரூம் கதவைத் தட்டிக்கிட்டு ஒரு ஜூனியர் வந்தான். பழைய கம்ப்யூட்டர் ஒண்ணுல உபுண்டு சர்வர் போட்டிருக்கான். அதுக்கு மாறாத ஐபி முகவரி ஒண்ணு கொடுக்கணும். ஒரு விக்கிப் பக்கத்துல சொன்னபடியே இன்டர்ஃபேசஸ் ஃபைலைத் திருத்தி, ரீஸ்டார்ட் பண்ணி, மறுபடியும் திருத்தி, மூணு மணி நேரம் போராடியிருக்கான். ஒண்ணும் நடக்கல. "எனக்கு லினக்ஸ் எல்லாம் செட் ஆகாதுண்ணா"ன்னு சொன்னான்.

தப்பு அவன் மேல இல்ல. உபுண்டு 17.10 பதிப்பிலிருந்தே அந்த வேலையை நெட்பிளான் எடுத்துக்கிச்சு. அவன் திருத்தின ஃபைலை அவனோட சர்வர் திறந்துகூடப் பார்க்காது. அந்த விக்கிப் பக்கமும் பொய் சொல்லல. எழுதின நாள்ல அதுல ஒவ்வொரு வரியும் சரிதான். எந்தப் பதிப்புக்கு எழுதினதுன்னு சொல்ற ஒரு வரிதான் அதுல இல்ல.

பக்கமே இல்லாம இருந்தா வேற எங்கயாவது தேடியிருப்பான். காலாவதியான பக்கம் இருந்ததாலதான் அதை நம்பினான், கடைசியில தன்னையே சந்தேகப்பட்டான். புதுசா வர்றவங்களுக்கு எது பழசுன்னு தெரியாது. அது தெரிஞ்சவங்களுக்கு அந்தப் பக்கமே தேவைப்படாது. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிஞ்சுபோச்சு. ஆனா அடைப்புக்குறி இல்லாத பிரிண்ட் வரியை ஏதோ ஒரு பழைய பாடத்துல பார்த்து டைப் பண்ணி, சின்டாக்ஸ் எரர் வாங்கி முழிச்சவங்க நம்ம வகுப்பிலேயே இருக்காங்க.

அதுக்காக போகி மாதிரி எல்லாத்தையும் கொளுத்தச் சொல்லல. பழைய பதிப்பையே ஓட்டுற மெஷின்கள் இன்னும் இருக்கு. அந்தப் பக்கங்களும் யாரோ தூக்கம் கெட்டு, காசு வாங்காம எழுதினது. இதுக்கு ஆர்ச் லினக்ஸோட விக்கி ஒரு நல்ல வழி வெச்சிருக்கு. பக்கம் பழசாயிடுச்சுன்னா, 'இது காலாவதி ஆகிவிட்டது, காரணம் இது'ன்னு மேலயே ஒரு பலகை மாட்டலாம். இனி யாருக்குமே உதவாதுன்னா, ஆவணக் கிடங்குக்குத் திருப்பிவிடுவாங்க. பழைய எழுத்து வரலாற்றுல அப்படியே இருக்கும். வேணுங்கறவங்க எடுத்துப் படிக்கலாம், தெரியாம வர்றவங்க வழி தவற மாட்டாங்க.

'இதெல்லாம் அட்மின் வேலை'ன்னு நீங்க சொல்லலாம். ஒரு பக்கம் பழசாயிடுச்சுன்னு முதல்ல கண்டுபிடிக்கிறது அட்மின் இல்லீங்க, அதை நம்பி ஏமாந்த நீங்கதான். ஏமாந்த அந்த ராத்திரி என்ன பண்றோம்? வேற இடத்துல விடை கிடைச்சதும் டேப்பை மூடிட்டுத் தூங்கப் போயிடுறோம். அடுத்தவன் அதே பள்ளத்துல வந்து விழறான்.

புதுப் பக்கம் எழுதினாத்தான் பங்களிப்புன்னு நினைக்காதீங்க. எந்தப் பதிப்புல வேலை செய்யலன்னு ஒரு வரி சேருங்க. ஒரே விஷயத்தை மூணு பக்கம் சொன்னா, நல்லதை வெச்சுக்கிட்டு மத்த ரெண்டையும் அதுக்குத் திருப்பிவிடுங்க. திருத்த உரிமை இல்லன்னா உரையாடல் பக்கத்துலயாவது சொல்லிட்டு வாங்க. எல்லாம் பத்து நிமிஷ வேலை.

அன்னிக்கு நெட்பிளான் ஃபைல்ல சில வரி எழுதினதும் சர்வர் ஓடிடுச்சு. அதுக்கப்புறம் ஜூனியரைத் தூங்க விடல. அந்த விக்கிப் பக்கத்து மேல பலகையை அவன் கையாலேயே மாட்ட வெச்சேன். லினக்ஸ் உலகத்துக்கு அவனோட முதல் பங்களிப்பு அதுதான்.