அடகு வைக்கக்கூடாத நீலப் புத்தகம்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் எம்மவர் இல்லங்களிலும் இப்போது பயணப் பேச்சு எழுகின்றது. முன்னர் நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், ஜேர்மனியில் தஞ்சம் கோரியவர் தமக்குக் குறிக்கப்பட்ட மாவட்ட எல்லையைத் தாண்டுவதற்கே அனுமதி பெற வேண்டியிருந்தது. அயல் நகரில் நடந்த திருமண வீட்டுக்குக்கூடத் துணிந்து புறப்பட முடியாதிருந்த அந்நாட்களை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்று அகதியாக அங்கீகரிக்கப்பட்டு, வதிவிட அனுமதியும் நீல நிறப் பயண ஆவணமும் பெற்ற ஒருவர், ஏனைய ஷெங்கன் நாடுகளில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை தங்கி வரலாம். மகிழ்ச்சிக்குரிய மாற்றந்தான். ஆயினும் அந்த நீலப் புத்தகத்தின் பெறுமதியை நாம் முழுமையாக உணர்ந்திருக்கின்றோமா என்ற வினாவை ஒரு சிறு சம்பவம் என்னுள் எழுப்பியது.

கடந்த கோடையில் கிரேக்கத் தீவொன்றுக்குக் குடும்பமாகச் சென்றிருந்தோம். என் பெறாமகன் ஒருவனும் உடன் வந்திருந்தான். தீவைச் சுற்றிப் பார்க்க மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுக்க விரும்பினான். கடற்கரையோரக் கடைக்காரர் நாளொன்றுக்கு 25 யூரோ என்றார். பிணையாகக் கடவுச்சீட்டைக் கேட்டார். பெறாமகனும் தயங்காமல் நீலப் புத்தகத்தை நீட்டிவிட்டான். அருகில் நின்ற நானும் தடுக்கவில்லை. என் தவறும் அதில் உண்டு.

மாலையில் வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, பக்கத் தகட்டில் ஒரு கீறலைக் காட்டி 300 யூரோ கேட்டார் கடைக்காரர். அது காலையிலேயே இருந்த கீறல் என்றான் பிள்ளை. நிரூபிக்க எம்மிடம் எதுவும் இல்லை. மறுநாள் காலை விமானம். பயண ஆவணமோ அவருடைய மேசை இழுப்பறைக்குள். வாதாடிப் பயனின்றிப் பணத்தைக் கொடுத்து ஆவணத்தை மீட்டோம். "ஒரு நாள் ஓட்டத்துக்கு 25 யூரோ எண்டுதான் நினைச்சன் பெரியப்பா" என்று அவன் தலைகுனிந்து நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கின்றது.

300 யூரோ போனது பெரிதன்று. அதனிலும் பெரிய ஆபத்து ஒன்று அங்கே இருந்தது. ஜேர்மன் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் அதனை இழந்தால், ஜேர்மன் துணைத்தூதரகத்தை நாடலாம். அது அவருடைய நாட்டின் அலுவலகம். எமது நிலை வேறு. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் இணைப்பில் 16ஆம் பந்தி தெளிவாகக் கூறுகின்றது: பயண ஆவணத்தை வழங்கிய நாட்டின் தூதரகப் பாதுகாப்பைக் கோரும் உரிமையை அந்த ஆவணம் தன்னளவில் தருவதில்லை. சொந்த நாட்டின் தூதரகத்தையோ நாம் நாட முடியாது. ஆகவே அந்நிய மண்ணில் நாம் யார், எங்கே திரும்பிச் செல்ல உரிமை உடையோர் என்பதற்குச் சான்று அந்தச் சிறு புத்தகமே. அதனையா ஒரு மோட்டார் சைக்கிளுக்கு அடகு வைப்பது?

ஜேர்மன் அடையாள அட்டையை ஒப்படைக்குமாறு அதன் உரிமையாளரிடம் கேட்கக்கூடாது என்று இந்நாட்டின் அடையாள அட்டைச் சட்டமே விதிக்கின்றது. பிற நாட்டுக் கடைக்காரரை அச்சட்டம் கட்டுப்படுத்தாது. ஆனால் அதன் பின்னாலுள்ள நியாயம் எமக்கும் பொருந்தும். ஆவணத்தைக் காட்டுங்கள், பிரதி எடுக்க அனுமதியுங்கள், கையில் திரும்பப் பெறுங்கள். பிணைக்குக் காசையோ கடனட்டையையோ முன்வையுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்குச் செல்லுங்கள். வண்டியை எடுக்குமுன் நாற்புறமும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, இருக்கும் கீறல்களை ஒப்பந்தத்தில் எழுதுவித்துக் கொள்ளுங்கள். நாம் இவற்றுள் ஒன்றையேனும் செய்திருந்தால் அந்த மாலை வேறு விதமாக முடிந்திருக்கும்.

இன்னுமொன்று. யாழ்ப்பாணத்துத் தெருக்களில் எம்.டி. 90 ஓடிப் பழகியவர்களுக்கு, பெற்றோல் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டியவர்களுக்கு, இரு சக்கர வாகனம் ஒரு பொருட்டன்று. சட்டமோ அனுபவத்தைப் பார்ப்பதில்லை. அனுமதிப்பத்திரத்தில் உள்ள எழுத்தையே பார்க்கின்றது. கார் ஓட்டும் 'பி' பிரிவுடன் கிடைப்பது 'ஏ.எம்.' பிரிவு மாத்திரமே. அதாவது 50 கன சென்ரிமீற்றர் வரையான, மணிக்கு 45 கிலோமீற்றருக்கு மேற்படாத சிறு வண்டி. 125 வண்டிக்கு 'ஏ1' வேண்டும். மேலதிகப் பயிற்சி பெற்று 'பி 196' என்ற குறியீட்டைச் சேர்த்துக்கொண்டவர்கள் 125 வண்டியை ஜேர்மனிக்குள் ஓட்டலாம். எல்லைக்கு அப்பால் அக்குறியீட்டை நம்பிச் செல்லக்கூடாது. கடைக்காரர் சாவியைத் தந்துவிட்டார் என்பதனால் சட்டம் அனுமதித்துவிட்டது என்று பொருளாகாது. உரிய பிரிவு இல்லாமல் விபத்து நேர்ந்தால், காப்புறுதி நிறுவனம் கொடுத்த நட்டஈட்டை எம்மிடமே திரும்பக் கேட்கக்கூடும்.

பெற்றோரைச் சந்திக்க இந்தியாவுக்கோ தாய்லாந்துக்கோ செல்வோர் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தையும் எடுத்துச் செல்ல வேண்டும். எனினும் அது மூல அனுமதிப்பத்திரத்தில் இல்லாத பிரிவு எதனையும் புதிதாகத் தராது. எமது மருத்துவக் காப்புறுதி அட்டையின் பின்புறமுள்ள ஐரோப்பிய அட்டை அந்நாடுகளில் செல்லாது. ஐரோப்பாவுக்குள்ளேயும், காயமுற்றவரை ஜேர்மனிக்குக் கொண்டுவரும் செலவைச் சட்டரீதியான மருத்துவக் காப்புறுதி ஏற்பதில்லை. அதற்கெனத் தனியாகப் பயணக் காப்புறுதி செய்வது நன்று. அதிலும் மோட்டார் சைக்கிள் விபத்துக்கு விதிவிலக்கு உண்டா என்று வாசித்துப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் ஊர் சுற்றட்டும். எமக்குக் கிட்டாத அந்தச் சுதந்திரம் அவர்களுக்குக் கிட்டட்டும். ஆனால் புறப்படும் வேளையில், "தலைக்கவசத்தை மறக்காதே" என்று சொல்லும் பெற்றோர், "புத்தகத்தைக் கைவிட்டுக் கொடுக்காதே" என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனைப் பெறுவதற்கு நாம் எத்தனை விசாரணைகளில் அமர்ந்தோம், எத்தனை ஆண்டுகள் காத்திருந்தோம் என்பது கடைக்காரருக்குத் தெரியாது. எமக்குத் தெரியும்.