நிலவறைச் சுவருக்கு நாள் பார்ப்போம்

ஆயுத பூஜை நெருங்கினால் நமது கடைவீதிகளில் ஏணியும் சுண்ணாம்பு மட்டையும் கிளம்பிவிடும். கடைக்கு வெள்ளையடிப்பது நல்ல வழக்கம். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதே கையோடு அண்டர்கிரவுண்டு குடோனுக்கும் பெயின்ட் பூசிவிடுகிறோமே, அது சரிதானா என்பதை வணிகப் பெருமக்கள் யோசிக்க வேண்டும்.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் கரிசல் பூமி நிறைய. கரிசல் மண் தண்ணீரைக் குடித்து உப்பும். குடித்ததை எளிதில் விடாது. மேலே தெருவில் புழுதி பறக்கும்போதும் நிலவறைச் சுவரின் பின்னால் ஈரம் நிற்கும். அதன் மேல் பிளாஸ்டிக் பெயின்ட் பூசினால், ஈரம் வெளியேற வழியின்றிக் கொப்புளம் கட்டி உரிந்துவிடும். நாமும் ஒரு புரட்டாசியில் பூசிவிட்டு, தை மாதத்தில் பருப்பு மூட்டைகளின் மேலிருந்து பெயின்ட் செதில்களைப் பொறுக்கியவர்கள்தான். விற்றவர் சுவர் மட்டம் என்றார். பூசியவர் பெயின்ட் மட்டம் என்றார். பூசிய மாதத்தைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.

பெயின்ட் பூச பொதுவாக 10 முதல் 35 டிகிரி வரை வெப்பமும், 85 சதவிகிதத்துக்குக் குறைவான காற்று ஈரப்பதமும் வேண்டும். 10 டிகிரிக்குக் கீழே நம் ஊரில் எங்கே இறங்குகிறது? குளிர் நமக்குப் பிரச்சினையே இல்லை. ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றுதான் பிரச்சினை. குளிர்ந்த நீர் ஊற்றிய சொம்பு வெளியே வியர்க்கிறதல்லவா? நிலவறைச் சுவரும் அப்படித்தான். மழைவிட்ட புழுக்கத்தில், காற்றாடட்டும் என்று கதவைத் திறந்து வைத்தால் சுவர் இன்னும் நனையும்.

எனவே மாசி, பங்குனிதான் ஏற்ற காலம். அப்போதும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பிரியுங்கள். தாளின் உட்புறம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. பெயின்ட் வாங்கப் போக வேண்டாம். வெளிப்புறம் மட்டும் நனைந்திருந்தால் அது காற்றின் வேலை. காற்று உலர்ந்தபின் பூசலாம். புதிதாகச் சிமெண்ட் பூசிய சுவரானால் 28 நாளாவது பொறுக்க வேண்டும்.

பூஜைக்கு வெள்ளை வேண்டும் என்பவர்களுக்குச் சுண்ணாம்பு இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லை நம்பியே 1979-ல் அரசு சிமெண்ட் ஆலை வந்த அரியலூர்க்காரர்களுக்குச் சுண்ணாம்பின் அருமையை நாம் சொல்ல வேண்டியதில்லை. அது ஈரச் சுவரிலும் பிடிக்கும்; காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி இறுகும்; சுவரின் ஈரத்தையும் வெளியே விடும். பழைய பெயின்டின் மேல் அடித்தால் மட்டும் நிற்காது, சுரண்டியாக வேண்டும்.

இது அழகு பற்றிய பேச்சல்ல. உணவுப்பொருள் வைக்கும் இடத்தில் பெயின்ட் உரியும் சுவர் கூடாது என்று 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு உரிம விதிகளே சொல்கின்றன. அதிகாரி வராவிட்டாலும் ஈரம் பட்ட மூட்டையில் பூஞ்சணம் வந்துவிடும். மூட்டைகளைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, மரச்சட்டத்தின் மேல் அடுக்குங்கள். தண்ணீரே கசிகிற சுவரானால் பெயின்டும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். முதலில் நல்ல கொத்தனாரைக் கூப்பிடுங்கள். அவரிடம் 'பேஸ்மெண்ட்' என்று சொல்லிவிடாதீர்கள், கடை வாசல்படி மட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.