ஓய்வும் பட்டமும்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறும் மனிதருக்கு நம் நாட்டில் நடக்கும் உபசாரம் நேயர்கள் அறிந்ததே. ஒரு ரோஜா மாலை, ஒரு சால்வை, நாலு பிரசங்கம், கடைசியில் ஒரு கடிகாரம். இனி நேரத்தைப் பற்றிய கவலையே இல்லை என்று ஆன பிறகு கடிகாரம் எதற்கு என்பது நமக்கு இன்றுவரை விளங்கவில்லை. மறுநாள் காலையில் அவர் பெயர் பதிவேட்டிலிருந்து எடுபட்டு விடுகிறது. முப்பது வருஷம் கற்றுத் தேர்ந்த வித்தையும் அந்தப் பெயரோடு எடுபட்டுப் போயிற்றா என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஒரு துறையில் பரீக்ஷை கொடுத்துத் தேறியவருக்கு அளிக்கும் சான்றிதழில் இரண்டு பொருள்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று அனுமதி, "இவர் இத்தொழிலைச் செய்யலாம்" என்பது. மற்றொன்று சாட்சி, "இவர் இதைக் கற்றவர்" என்பது. தொழிலை விட்டவுடன் அனுமதியைத் திரும்பப் பெறுவது நியாயமே. சாட்சியை எப்படித் திரும்பப் பெற முடியும்?

இந்த வித்தியாசத்தை மற்ற நாட்டார் உணர்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில், உரிமம் பெற்ற என்ஜினீயர் தொழிலை விட்ட பின்பு, 'ஓய்வு' என்ற ஒரு சொல்லைச் சேர்த்துக் கொண்டு பழைய பட்டத்தைத் தரிக்கலாம். ஆனால் பாலத்துக்கோ கட்டடத்துக்கோ வரைபடம் போட்டு முத்திரை வைக்கக் கூடாது. மரியாதை அவருக்கு, பாதுகாப்பு பொது ஜனங்களுக்கு. நமது இந்திய ராணுவத்திலும், நெடுங்காலம் சிறப்பாக ஊழியம் செய்த சுபேதார் முதலானோருக்கு, ஓய்வை ஒட்டி, கௌரவ லெப்டினன்ட், கௌரவ காப்டன் என்னும் பதவிகளைக் குடியரசு தினத்திலும் சுதந்திர தினத்திலும் அறிவிக்கிறார்கள்.

இந்த விஷயத்தை யோசிக்கும்போது நம் மனம் திருநாவலூருக்குச் செல்கிறது. கள்ளக்குறிச்சி ஜில்லாவில் உள்ள இவ்வூர் சுந்தரமூர்த்தி நாயனார் அவதரித்த ஸ்தலம். சுந்தரருடைய சரித்திரமே ஒரு பத்திரத்தில் தொடங்குகிறது. கலியாணப் பந்தலில் ஒரு கிழவர் தோன்றி, "உன் பாட்டன் எழுதிக் கொடுத்த அடிமை ஓலை இது" என்று வழக்காடினார். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் பாட்டனாரின் வேறு கையெழுத்தை வருவித்து, ஒப்புநோக்கி, ஓலை செல்லும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். எழுதியவர் போய்ச் சேர்ந்த பிறகும் ஓலையின் சாட்சி நின்றது! அதே சுந்தரர் பின்னர் திருவாரூரில் திருத்தொண்டத்தொகை பாடி, 60 தனியடியார்களையும் 9 தொகையடியார்களையும் பெயர் சொல்லி வணங்கினார். தொண்டர்களின் பெயரைப் பதிவு செய்வது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

அந்தச் சுந்தரர் பாடலைக் கோயில்களில் பாடிவருபவர்கள் ஓதுவார்கள். பள்ளியில் சேர்ந்து பல வருஷம் பண்ணும் தாளமும் பயின்று, சான்றிதழ் பெற்று, பிறகே சந்நிதியில் நிற்கிறார்கள். 2021 ஆகஸ்டில் ஒரு பெண்மணி சென்னையை அடுத்த மாடம்பாக்கம் கோயிலில் ஓதுவாராக நியமனம் பெற்றது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தந்த செய்தி. புதியவர் வருவதைக் கொண்டாடுகிறோம். முதியவர் போவதைக் கவனிக்கிறோமா?

வயதானால் ஓதுவாரின் குரல் தளரலாம். உச்ச ஸ்தாயி எட்டாமல் போகலாம். ஆனால் பண்ணின் நடை அவர் நெஞ்சில் இருக்கிறது. செந்துருத்திப் பண்ணில் தேவாரம் முழுவதிலும் ஒரே ஒரு பதிகந்தான் உண்டு. அது திருவாரூரில் சுந்தரர் பாடியது. புத்தகத்தில் சொற்கள் இருக்கும். சொல்லை எப்படி நிறுத்தி, எப்படி இழைத்துப் பாடுவது என்பது புத்தகத்தில் இல்லை. அது குரு முகமாக வரவேண்டியது. அந்தக் குருவை மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பின்னால் ஆராய்ச்சி செய்து என்ன பயன்?

ஓய்வு பெற்ற பிறகு வித்தை ஓய்வதில்லை என்பதற்கு மகாமகோபாத்தியாய சாமிநாதையரே போதிய சான்று. சென்னை இராசதானிக் கல்லூரியிலிருந்து 1919-ல் விலகினார். 1924 முதல் மூன்று வருஷம் சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக இருந்தார். 1937-ல், தமது எண்பத்திரண்டாம் வயதில், குறுந்தொகையைப் பதிப்பித்தார். 1919-லேயே அவருடைய ஏட்டை மூடியிருந்தால் நஷ்டம் யாருக்கு?

"பட்டத்தை எல்லோருக்கும் கொடுத்தால் மதிப்பு இராது, சிலருக்கே கொடுத்தால் சிபாரிசு நுழையும்" என்று சிலர் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் நியாயமானதே. இதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில் ஒரு வழி இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜராஜ சோழன் திருப்பதியம் பாட 48 பேரையும், வாத்தியம் வாசிக்க இருவரையும் நியமித்து, நாள்தோறும் ஆளுக்கு மூன்று குறுணி நெல் ஏற்படுத்தினான். ஒருவர் இறந்தாலோ வெளியூர் சென்றாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அந்த ஸ்தானத்துக்கு வரவேண்டும். அவருக்குத் தகுதியில்லையேல் தகுதியுள்ள வேறொருவரைப் பாடச் செய்யவேண்டும். உறவினரே இல்லையென்றால், உடன் ஊழியம் செய்பவர்களே தக்கவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வித்தையை வித்தை தெரிந்தவரே மதிப்பிட வேண்டும் என்ற விவேகம் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம்மவர்க்கு இருந்தது.

ஆகையால் நம் யோசனை இது. சான்றிதழ் பெற்று, குறித்த காலம் குற்றமின்றி ஊழியம் செய்தவர் அனைவர் பெயரும் 'ஓய்வு பெற்றவர்' என்ற தலைப்பில் ஏட்டில் தொடர்ந்து இருக்கட்டும். இதற்குக் கட்டணமோ மறு பரீக்ஷையோ வேண்டாம். அவர்களுள் மிகச் சிறந்தவர்களுக்கு, உடன் தொழில் செய்தவர்களின் தீர்மானத்தின்பேரில், 'கௌரவ' என்னும் அடைமொழி சேரட்டும். இவர்கள் சம்பளத்துக்கு மீண்டும் பணியேற்க வேண்டியதில்லை. புதிய மாணவர்களுக்குப் பாடம் சொல்லவும், பரீக்ஷைகளில் அமரவும் இவர்களை அழைக்கவேண்டும். அழைத்தால் வழிச்செலவும் தக்க சன்மானமும் கொடுக்கவேண்டும். வெறும் பட்டத்தைக் கொண்டு யாரும் உலை வைக்க முடியாது.

ஓதுவார்களுக்கு இதைச் செய்யத் தொடங்கினால், சிற்பிகளுக்கும், மருத்துவச்சிகளுக்கும், சித்த வைத்தியர்களுக்கும் அதே முறை பரவுவது எளிது. கடிகாரம் கொடுப்பதை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு, வாரத்தில் ஒரு நாள் எத்தனை மணிக்கு மாணவர்கள் காத்திருப்பார்கள் என்பதையும் சொல்லி அனுப்பினால், பெரியவருக்கு அந்தக் கடிகாரம் உபயோகப்படும்.