ஒரே வீட்டின் இரண்டு பியானோக்கள்

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்சின் வெள்ளத்தடுப்புச் சுவர்கள் உடைந்தபோது, லோயர் நைன்த் வார்டு பகுதியிலிருந்த பியானோ இசைக்கலைஞர் ஃபேட்ஸ் டாமினோவின் வீடும் மூழ்கியது. அவரைப் படகில் மீட்டார்கள். பியானோக்கள் உள்ளேயே கிடந்தன. அவற்றில் இரண்டு பிறகு லூசியானா மாநில அருங்காட்சியகத்துக்கு வந்தன. கறுப்புப் பியானோ சிதைந்த கோலத்திலேயே அதன் பிரெஸ்பிடேர் கட்டடத்தில், புயல் பற்றிய காட்சியில் இடம்பெற்றது. வெள்ளை ஸ்டெய்ன்வே பியானோ, பால் மெக்கார்ட்னி உள்ளிட்டோரின் நன்கொடையால் சீரமைக்கப்பட்டு, 2013இல் பழைய நாணயச்சாலைக் கட்டடத்தில் வைக்கப்பட்டது.

வெள்ளையைச் சீரமைத்ததே தவறு, சேற்றின் சாட்சியம் அழிந்துவிட்டது என்று வாதிடுவோர் நம் அரும்பொருள் பாதுகாப்புத் துறையில் உண்டு. இருந்தது ஒரே பியானோ என்றால் நானும் அந்தப் பக்கம்தான். சேற்றையும் பூஞ்சணத்தையும் நீக்கி, தளர்ந்ததைத் தாங்கி நிறுத்துவதோடு கையெடுத்திருக்க வேண்டும். இங்கே கறுப்பு அந்தச் சாட்சியத்தைச் சுமக்கிறது. அதனால் வெள்ளைக்கு இசைக்கலைஞரின் மிடுக்கைத் திருப்பித் தர முடிந்தது.

ஆனால் சீரமைப்பு எதுவரை? ஊறிய பியானோவைத் திறந்தவர்களுக்குத் தெரியும், முதலில் கைவிடுவது வஜ்ஜிரம். ஈரத்தில் அது இளகிக் கூழாகிறது. சுத்தியல்கள் காம்பிலிருந்து கழல்கின்றன. ஸ்புரூஸ் ஒலிப்பலகை ஊதி, அடியிலுள்ள விலாக் கட்டைகளை விட்டுப் பிரிகிறது. அவசரப்பட்டு உலர்த்தினால் இழையோட்டத்திலேயே வெடிக்கிறது. டியூனிங் ஊசிகளைப் பிடித்திருக்கும் பலகையின் அடுக்குகள் விலகினால் கம்பியில் இறுக்கம் நிற்காது. இருநூற்றுக்கும் மேற்பட்ட கம்பிகளின் இழுவிசை மொத்தம் ஏறத்தாழ 18 டன். அதைத் தாங்கி மீண்டும் ஒலிக்க வேண்டுமானால் ஒலிப்பலகை, ஊசிப்பலகை, கம்பி, சுத்தியல் எல்லாமே புதிதாக வேண்டும். அப்புறம் டாமினோவின் பியானோ என்று சொல்ல மிஞ்சுவது பெரும்பாலும் வெளிக்கூடுதான்.

காட்சிக்கு வைக்கும் பியானோ பேச வேண்டியதில்லை. டாமினோ வாசித்த ஒலி இசைத்தட்டுகளில் பத்திரமாக இருக்கிறது. அவர் விரல் பட்ட கட்டைகள் வேறெங்கும் இல்லை. சுருதி சேர்த்துக் கொடுங்கள் என்று நன்கொடையாளர் எவ்வளவு அன்போடு கேட்டாலும் மறுக்கவே வேண்டும்.

மாற்ற நேர்ந்த பாகங்களைக் குப்பையில் போடுவது இன்னும் நடக்கிறது. துருவேறிய ஒரு கம்பிச்சுருள்கூட வெள்ளநீரின் உப்பைப் பற்றிச் சொல்லும். கழற்றும் முன் படம், கழற்றியதும் அடையாளச் சீட்டு, துடைத்த சேற்றில் ஒரு குப்பி. இவற்றை வைக்கும் அலமாரிக்கான செலவையும் முதல் மதிப்பீட்டிலேயே எழுதிக் கேளுங்கள். வேலை முடிந்தபின் அதற்குப் பணம் கிடைப்பதில்லை.